நாய் டீச்சரின் ஆறு ஆடுகள்

தெருவின் கடைசி வீட்டில் இருந்தவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாய் டீச்சர் என்றால் தபால்காரருக்கும் தெரியும், தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அது கிண்டலாகத்தான் கிளம்பியது. போகப் போக அவளுக்கே பிடித்துப்போய், கேட்டில் எழுதித் தொங்கவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. மந்தை வைத்திருப்பவர்களுக்கு நாய் பழக்கிக் கொடுப்பது அவள் தொழில். சோபாவில் படுக்கவைத்துக் கொஞ்ச ஒரு நாய் வேண்டும் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவாள். "எங்கிட்ட இருக்கறது வேலைக்குப் போற நாய்ங்க. உங்க வீட்ல அதுங்களுக்குப் போரடிக்கும்" என்பாள்.

நாய் பழக வேண்டுமென்றால் ஓட்டுவதற்கு ஆடு வேண்டும். செம்மறி மந்தையைக் கொண்டுவந்து ஒரு வீட்டுக் கொல்லையில் அடைக்க முடியாது. அதனால் அவள் வளர்த்தது குள்ள ஆடுகள். முழங்கால் உயரம், உருண்டை வயிறு, கட்டைக் கால். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "இது எப்ப வளரும்?" என்று தவறாமல் கேட்பார்கள். "வளர்ந்து முடிச்சாச்சு" என்று அவளும் தவறாமல் சொல்வாள். மொத்தம் ஆறு. அவற்றில் தாடி வைத்த கிடாவுக்கு மேனேஜர் என்று பேர். எந்தத் தழையைப் போட்டாலும் அது முதலில் மோந்து பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் மற்றவை வாய் வைக்கும். மற்ற ஐந்துக்கும் தனியாகப் பேர் வைக்கவில்லை, மொத்தமாக ஸ்டாஃப்.

காலையும் மாலையும் வகுப்பு நடக்கும். கொட்டகையைத் திறந்து மேனேஜரையும் ஸ்டாஃபையும் கொல்லைக்குள் விடுவாள், நாயை விடுவாள், பலகை வேலிக்கு வெளியே நின்றுகொண்டு சொல்லைப் போடுவாள். மொத்தம் நாலே சொல். நட என்றால் கிளம்ப வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். வலம் என்றால் மந்தை வலது பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு நாய் இடது பக்கமாகச் சுற்றிப்போய் நெருக்க வேண்டும். இடம் என்றால் அதற்கு நேர்மாறு. ஆடுகள் கொல்லையில் இருக்கும்போது அந்தப் பக்கம் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் அந்த நேரத்தில் இருமல் வந்தால்கூடத் தெருவுக்குப் போய்த்தான் இருமுவார்.

அப்படி அந்தக் கொல்லையில் படித்து மந்தைகளுக்குப் போன நாய்கள் சில உண்டு. ஆனால் பளிங்கு மாதிரி ஒருவன் அதுவரை வந்ததில்லை. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். ஒரு கண் கோலிக்குண்டு மாதிரி நீலம், அதனால்தான் அந்தப் பேர். மற்ற நாய்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிற சொற்களை அவன் வந்த கொஞ்ச நாளிலேயே பிசகில்லாமல் செய்தான். வலம் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் ஆடுகள் வலப்பக்கம் திரும்பியிருக்கும், பளிங்கு இடப்பக்கம் நின்றிருப்பான். இடி இடித்தாலும் அசையமாட்டான். பக்கத்துப் பட்டறையில் இரும்பை அடித்து நொறுக்கினாலும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதை அவள் கம்பீரம் என்று நினைத்தாள், எல்லாரிடமும் அப்படியே சொல்லியும் வைத்தாள். ஒரு நாள் அவள் சமையலறையில் யாரையோ போனில் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த பளிங்கைக் காட்டிக் கணவர், "இந்தச் சத்தத்துலயும் தூங்கறான் பாரு. குடுத்து வெச்சவன்" என்றார். அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள், அவர் நகர்ந்துகொண்டார்.

பளிங்கை அவள் தன் அக்காவுக்கென்று பழக்கினாள். அக்காவும் அத்தானும் ஊருக்கு வெளியே செம்மறி மந்தை வைத்திருந்தார்கள். பட்டி ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். தினமும் இரண்டு முறை சாலையைக் கடக்க வேண்டும். பட்டியின் கூரை மாற்றும்போது அத்தான் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அவர்களுடைய பழைய நாயும் அந்த வருஷமே செத்துப்போனது. அக்கா ஒருத்தி துண்டை வீசி வீசி எத்தனை நாளைக்கு ஓட்டுவாள்?

"மழை பிடிக்கறதுக்குள்ள ஒரு நாய் வரலைன்னா மந்தையைக் குடுத்துட வேண்டியதுதான்" என்று அக்கா போனில் சொன்னாள். "மந்தை போச்சுன்னா உங்க அத்தான் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. அப்பறம் அவரையும் நான் துண்டு வீசித்தான் எழுப்பணும்."

அக்கா இப்படித்தான் பேசுவாள். அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு. தங்கச்சி நாய் பழக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தபோது வருஷக்கணக்கில் அதைக் கிறுக்குத்தனம் என்றவள், இன்று தன் பிழைப்பையே அவள் கையில் கொடுத்திருந்தாள். டீச்சருக்கு அதில் உச்சி குளிர்ந்துபோயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காவும் அத்தானும் ஒரு முறை வந்து பார்த்தார்கள். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு அத்தான் தானே சொல்லிப் பார்க்கிறேன் என்றார். வலம் என்றார், நடந்தது. இடம் என்றார், நடந்தது. நில் என்றதும் ஆறு ஆடும் ஒரு நாயும் ஆணி அடித்த மாதிரி நின்றன. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பரவால்ல. நீயும் உருப்பட்டுட்ட" என்றாள். அன்றைக்கு முழுவதும் டீச்சர் தரையில் நடக்கவில்லை.

வழக்கமாக ஒரு நாயை அனுப்புவதற்கு முன்னால் வேறு யாருடைய மந்தையிலாவது கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பாள். பளிங்குக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டாள். மழையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கொண்டுபோய் விட்ட அன்று வெயில் நன்றாக இருந்தது. பட்டியிலிருந்து சாலைக்கு ஒரு சின்னச் சரிவு இறங்கும். ஏற்பாடு என்னவென்றால், பளிங்கு மந்தையைச் சாலை ஓரம் வரை ஓட்டிவர வேண்டும், அங்கே நில் என்றதும் நிறுத்த வேண்டும், அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் துண்டை ஆட்டியதும் நட என்று சொன்னால் கடக்க வேண்டும். அத்தான் சாலை ஓரத்தில் தடியை ஊன்றி நின்றார். புதுச்சட்டை போட்டிருந்தார்.

பட்டியைத் திறந்தார்கள். செம்மறிகள் பொலபொலவென்று இறங்கின. பளிங்கு பின்னால் வந்தான், தலையைத் தாழ்த்தி, அழகாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. முன்னால் போன செம்மறி சாலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது டீச்சர் குரல் கொடுத்தாள்.

"நில்."

அவன் நிற்கவில்லை. தூரமாக இருப்பதால் கேட்கவில்லையோ என்று அவள் நாலடி முன்னால் போய் மறுபடி சொன்னாள். நிற்கவில்லை. செம்மறிகள் இறங்கிக்கொண்டே இருந்தன, அவன் நெருக்கிக்கொண்டே இருந்தான். தொண்டை கிழியக் கத்தினாள். வலம் என்றாள், இடம் என்றாள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த நாய் யாரோ ஒருவருடைய நாய் மாதிரி போய்க்கொண்டிருந்தது. முதல் செம்மறி தாரில் கால் வைத்தது. வளைவில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, செங்கல் ஏற்றியது.

அத்தான் சாலைக்குள் இறங்கிவிட்டார். அந்த இடுப்போடு, அந்தத் தடியோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றார். அக்கா அலறியது டீச்சருக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. பிரேக் சத்தம், ரப்பர் தீய்ந்த நாற்றம், செங்கல் சரிந்து விழும் ஓசை. லாரி ஒடித்துத் திரும்பி நின்றபோது அத்தான் சாலையோரப் புல்லில் உருண்டு கிடந்தார், சட்டை கிழிந்திருந்தது, முழங்கையில் ரத்தம். உயிர் இருந்தது. எழுந்துகூட உட்கார்ந்துவிட்டார். சக்கரத்துக்கு அடியில் ஒரு செம்மறி கிடந்தது.

யாருக்கும் கை கால் ஓடவில்லை. அக்காதான் முதலில் அசைந்தாள். துண்டை வீசி மந்தையைச் சரிவில் திருப்பி ஏற்றினாள். ஏற்றிவிட்டு வந்து அத்தானைத் தாங்கிப் பிடித்துச் சாலையோர மதகுச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்ததும், ஓரம் கட்டலாம் என்று ஏறி வண்டியைக் கிளப்பினார். பளிங்கு அப்போது லாரிக்கு நேர் முன்னால் நின்று, விளக்கை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாயை விரட்டுவதற்காக அவர் ஹாரனை அமுக்கினார்.

அது காற்று ஹாரன். டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். சரிவுக்கு மேலே இருந்த செம்மறிகள் துள்ளிக் குதித்தன. ஹாரனுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற பளிங்கின் காது மடல்கூட அசையவில்லை. அவன் பாட்டுக்கு விளக்கை மோந்துகொண்டிருந்தான்.

டிரைவர் குழம்பிப்போய் இன்னொரு முறை அமுக்கினார், இந்தத் தடவை நீளமாக. பளிங்கு கொட்டாவி விட்டான்.

அதைச் சாலையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். வண்டியிலிருந்து இறங்கி நின்றவர்களும் பார்த்தார்கள். டீச்சர் நாயைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக என்னவெல்லாமோ வந்து போய், கடைசியில் ஒரு முடிவு வந்து உட்கார்ந்தது.

"இவனுக்குக் காது கேக்காது" என்றாள் அக்கா.

"அக்கா, எனக்கு..."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"காதுல பூ சுத்தாதே. ஒன்றரை வருஷம் வளத்திருக்க. ஊர் நாய்க்கெல்லாம் டீச்சர். ஒன் வீட்டு நாய்க்குக் காது கேக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் உயரவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அன்னிக்கு எங்க முன்னாடி வலம் போச்சே, இடம் போச்சே, செவிட்டு நாய் எப்படிடி போச்சு? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கையால ஏதோ சைகை காட்டியிருக்க. தள்ளிவிட ஒரு இடம் தேடியிருக்க, நாங்க கெடச்சோம்."

அதே கேள்வி அவளுக்கும் இருந்தது. செவிட்டு நாய் எப்படி வலம் போகும்? அவள் எந்தச் சைகையும் காட்டவில்லை. அது அவளுக்குத் தெரியும், சொன்னால் நம்புகிற மாதிரி இல்லை. அத்தான் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அழைச்சிக்கிட்டுப் போ" என்றாள் அக்கா. "இனிமே போன் கீன் பண்ணாத."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பளிங்கின் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், நாய் திரும்பவில்லை. குக்கர் மூடியைப் போட்டாள். கைதட்டினாள். கடைசியில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இடிக்கு அசையாத கம்பீரத்தை அவள் எத்தனை பேரிடம் அளந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. அத்தானுக்குப் போட்டாள், கட் ஆனது, அக்காதான் கட் பண்ணியிருப்பாள்.

மறுநாள் வகுப்பு இல்லை. வகுப்பெடுக்கிற நிலைமையில் அவள் இல்லை. பளிங்கைக் கூண்டில் விட்டுவிட்டு, கொட்டகையை மட்டும் திறந்தாள். ஆடுகள் கொல்லையில் இறங்கி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. அவள் துணி துவைக்கிற கல்லில் பிரமை பிடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். கணவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் இருவருக்குமே ஞாபகம் இல்லை.

"கொஞ்சம் இடம் விடு" என்று சொல்லிக்கொண்டே கல்லில் உட்காரப் போனார்.

ஆறு ஆடும் இடது பக்கம் திரும்பின.

சும்மா தலையைத் திருப்பவில்லை. மேனேஜர் முன்னால், ஸ்டாஃப் பின்னால், வரிசை கலையாமல் இடப்பக்கம் வளைந்து வேலியோரமாக நடந்துகொண்டிருந்தன. பளிங்கு கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கொல்லையில் நாய் என்று ஒன்றுமே இல்லை.

கணவர் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றார், டீ அவர் வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது. டீச்சர் பேயறைந்த மாதிரி இருந்தாள். தனக்கே கேட்காத குரலில், "வலம்" என்றாள்.

ஆடுகள் வலது பக்கம் திரும்பின.

"நில்."

நின்றன. மேனேஜர் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடியே நின்றது.

எத்தனை நாய் அந்தக் கொல்லையில் படித்துவிட்டுப் போயிருக்கும். நாய்கள் மாறிக்கொண்டே இருந்தன. இந்த ஆறும் மட்டும் ஒரு நாள் லீவு எடுக்காமல் எல்லா வகுப்பிலும் இருந்திருக்கின்றன. சொல் வந்தால் அடுத்து எந்தப் பக்கத்திலிருந்து நாய் வந்து நெருக்கும் என்று தெரிந்துகொண்டு, நாய் வருவதற்கு முன்பே திரும்பிவிடுவோமே, எதற்கு வம்பு என்று எப்போதோ முடிவு செய்திருக்கின்றன. ஒரு பாவமும் அறியாத பளிங்கு ஆடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதுகள் வலம் திரும்பினால் இடப்பக்கம் போய் நின்றான். அதுகள் நின்றால் நின்றான். அவள் நாயைப் பழக்குவதாக நினைத்து நினைத்து, ஆட்டைப் பழக்கியிருக்கிறாள்.

"டீச்சர்" என்றார் கணவர், மெதுவாக. "ஒன் ஸ்கூல்ல பாஸானது யாருன்னு இப்பதான் தெரியுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதை வெளியே சொன்னால் அவள் தொழில் முடிந்தது. ஆட்டை ஓட்ட நாய் பழக்குகிறவள், ஆடே தன் பாட்டுக்கு ஓடியதைக்கூடக் கவனிக்கவில்லை என்று மந்தைக்காரர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் அவள் சொந்த அக்காவை ஏமாற்றியவள். ஏமாற்றுக்காரி என்று இருப்பதா, முட்டாள் என்று இருப்பதா என்பதுதான் கேள்வி. வெகுநேரம் யோசிக்கவில்லை.

"வேனை எடுங்க" என்றாள்.

"நாயும் வருதா?"

"நாய் வேண்டாம். ஆட்டை ஏத்துங்க."

அக்கா வீட்டு வாசலில் வேன் நின்றபோது அத்தான் முழங்கைக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஜன்னலில் தெரிந்தாள், தெரிந்த வேகத்தில் ஜன்னலைச் சாத்தினாள். டீச்சர் வேன் கதவைத் திறந்து ஆடுகளை இறக்கினாள். வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டு வந்தது ஒன்றுதான். பழகாத இடத்தில் இதுகள் வெறும் ஆடாகிவிட்டால்?

வெறும் ஆடாகத்தான் ஆயின. இறங்கியதும் மேனேஜர் நேராகப் படிக்கட்டுக்குப் போய், அக்கா ஆசை ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டியில் வாயை வைத்தது. ஸ்டாஃப் அடுத்தடுத்த தொட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டன. கதவு படாரென்று திறந்தது.

"ஏய், என்ன வேலை பண்ற நீ? நாய விட்டு மந்தையக் கெடுத்த, இப்ப ஆட்ட விட்டு வீட்டக் கெடுக்க வந்தியா?"

"அத்தான்" என்றாள் டீச்சர். "அன்னிக்கு எங்க கொல்லையில சொன்னீங்களே, அந்த வார்த்தை. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அப்பறம் நான் போயிடறேன்."

"எதுக்கும்மா? நாய் எங்க?"

"நாய் வரலை அத்தான். நீங்க சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் அக்கா.

அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். அந்த நாலு சொல்லையும் வாரக்கணக்கில் தனக்குத் தானே சொல்லிச் சொல்லிப் பழகியவர் அவர். சலிப்போடு, யாரிடமும் இல்லாமல், "வலம்" என்றார்.

மேனேஜர் வாயில் ரோஜாவோடு தலையைத் தூக்கியது. மேனேஜர் வலப்பக்கம் திரும்பி நடந்தது. தொட்டிகளிலிருந்து ஐந்தும் தலையை எடுத்து அதன் பின்னால் போயின.

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நில்" என்றார். நின்றன. "இடம்" என்றார். திரும்பின. அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றும் முற்றும் நாயைத் தேடினார், வேனுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். "நட" என்றார். ஆறும் வாசலைத் தாண்டிப் பட்டிப் பக்கம் நடந்தன.

அக்கா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது. டீச்சர் பிறந்ததிலிருந்து அக்காவைப் பேச்சில்லாமல் பார்த்தது அன்றுதான்.

"நெஜமாவே தெரியாதாடி ஒனக்கு?" என்றாள் கடைசியில்.

"தெரியாதுக்கா."

"இத்தனை நாளா இதுங்க தானாப் போயிருக்கு. நீ வெளிய நின்னு நாய்க்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா."

"நாய்க்குக் காதும் கேக்கலை."

"கேக்கலை."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டீச்சர் பக்கத்தில் போனாள், அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீராக வந்தது, கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவே ஆகிவிட்டது. தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "கூமுட்டை" என்றாள். "ஒலகத்துலயே பெரிய கூமுட்டை. நீயெல்லாம் என்னை ஏமாத்துவேன்னு நான் நெனச்சேன் பாரு." டீச்சருக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய், இங்க பாரு" என்று அத்தான் கூப்பிட்டார்.

அவர் எழுந்து பட்டி வேலியருகே நின்றிருந்தார். குள்ள ஆடுகள் வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. உள்ளே இருந்த செம்மறிகள் எல்லாம் வேலியின் இந்தப் பக்கத்துக்கு வந்து, ஆடுகள் போகிற திசையிலேயே அதுகளோடு நகர்ந்துகொண்டிருந்தன. "நில்" என்றார் அத்தான். ஆடுகள் நின்றன. ஆடுகள் நின்றதும், என்னவோ ஏதோ என்று செம்மறிகளும் நின்றன.

அக்கா அவரைப் பார்த்தாள், மந்தையைப் பார்த்தாள், சரிவுக்குக் கீழே சாலையைப் பார்த்தாள். முன்னால் போகிறது எதுவோ அது நின்றால் செம்மறி நிற்கும், அது நடந்தால் செம்மறி நடக்கும். அக்காவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாய் எனக்கு வேண்டாம்" என்றாள். "இதுங்களை விட்டுட்டுப் போ."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தபோது, அவளுக்கு நேற்றிலிருந்து விழுந்த அடி எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஆறு ஆடும் போனால் அவள் கொல்லையில் வகுப்பு கிடையாது. அது போகட்டும், வேறு ஆடு வாங்கலாம், முதலிலிருந்து தொடங்கலாம். கூண்டுக்குள் இருக்கிறவன்? அவன் அதுகளைப் பார்த்துத்தான் எழுவான், அதுகளைப் பார்த்துத்தான் சாப்பிட வருவான், எங்கே நிற்க வேண்டும் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆறு முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

மாட்டேன் என்று சொல்ல முடியாது. அத்தான் அவள் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழிந்த சட்டையைத் தைத்து அதையே போட்டிருந்தார்.

"அக்கா" என்றாள். "அவனுக்குக் காது இதுங்கதான்."

அக்கா யோசித்தாள். தங்கச்சியின் கலைந்த தலைமுடியைக் காதோரமாக ஒதுக்கிவிட்டாள்.

"இனிமே அவனுக்குக் காதா நீ இரு" என்றாள்.

பட்டிக் கதவை டீச்சரே திறந்துவிட்டாள். நட என்றாள். மேனேஜர் முன்னால் போனது, ஸ்டாஃப் பின்னால் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் வேன் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினார். வழியில் அவர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. காதே கேட்காத ஒருவனை எந்தப் பக்கத்திலிருந்து போய்த் தொட்டால் பயப்படமாட்டான் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.